எந்த ஜாரிலிருந்து வந்தது?

ஜார் என்பது ஜாவா மொழியின் நிரல் துண்டுகளை, அதாவது கிளாஸ்களை, ஒரே கோப்பாகக் கட்டிய பொட்டலம். காமன்ஸ்-கோடெக்-1.10.ஜார், காமன்ஸ்-கோடெக்-1.3.ஜார் என்று இரண்டு கோப்புகள் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. எது முதலில் வரும்? பதிப்பு எண் தெரிந்தவர்கள் 1.3தான் பழையது, அதுதான் முதலில் என்பார்கள். எழுத்து வரிசைப்படி அடுக்கும் கணினி, புள்ளிக்குப் பிறகு வரும் 1-ஐயும் 3-ஐயும் ஒப்பிட்டுப் பார்த்து 1.10-ஐ முதலில் வைக்கும். டிஸ்க்கில் அந்தப் பெயர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசை இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். இந்த மூன்று வரிசைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, 2018-இல் ஒரு சனிக்கிழமை ராத்திரி நான் சர்வர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஜார் கோப்புகளை நான் கையாளும் விதம் அன்றோடு மாறியது.

நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். இருப்புக் கணக்கு, பில், சம்பளம் என்று ஒரு நிறுவனத்தின் ஆறு வெப் அப்ளிகேஷன்கள் டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரில் ஓடுகின்றன. எழுதியவர்களில் பாதிப் பேர் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். பார்த்துக்கொள்வது நானும் இன்னும் இரண்டு பேரும். 2008-இல் நான் சேர்ந்தபோது டாம்கேட் 5.5 ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் 6, அப்புறம் 7. அந்தச் சனிக்கிழமை 7-இலிருந்து 8.5-க்கு மாறவேண்டிய நாள்.

டெஸ்ட் மெஷினில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்திருந்தோம். ஒரு குறையும் இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் பழைய சர்வரை நிறுத்தினோம். பத்தே முக்காலுக்குப் புதியது எழுந்தது. லாகின் வந்தது, இருப்புப் பக்கம் வந்தது. பில் போட்டுப் பார்த்தால் வெள்ளைப் பக்கத்தில் 500 என்ற சர்வர் பிழை. டாம்கேட் தன் செய்திகளை எழுதும் கேட்டலினா.அவுட் லாகைத் திறந்தேன். நோ-சச்-மெத்தட்-எரர். பேஸ்64 என்ற கிளாஸில் என்கோட்பேஸ்64ஸ்ட்ரிங் என்ற மெத்தட், அதாவது அந்தக் கிளாஸ் செய்யவேண்டிய ஒரு செயல், இல்லையாம்.

இந்த இடத்தில் மூன்று பிழைகளைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் மூன்றையும் ஒன்றாக நினைத்து ஒரே மருந்தைக் கொடுக்கிறார்கள். கிளாஸ்-நாட்-ஃபவுண்ட் என்றால், பெயரைச் சொல்லித் தேடிய கிளாஸ் தேடிய இடத்தில் இல்லை. நோ-கிளாஸ்-டெஃப்-ஃபவுண்ட் என்றால், கம்பைல் செய்தபோது கூட இருந்த கிளாஸ் ஓடும்போது கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் அது முதன்முறை தயாராகும்போதே தோற்றுப்போயிருக்கிறது. நோ-சச்-மெத்தட் வேறு ஜாதி. கிளாஸ் கிடைத்துவிட்டது. ஆனால் நீங்கள் நினைத்த கிளாஸ் அது இல்லை, அதே பெயரில் வேறொரு பதிப்பு. இதைப் பார்த்தவுடன் ஜாரைக் கொண்டுவந்து போடக் கிளம்பக்கூடாது. ஏற்கெனவே ஒரு ஜார் அதிகமாக இருக்கிறது என்றுதான் சந்தேகப்படவேண்டும்.

அந்த மெத்தட் காமன்ஸ்-கோடெக் நூலகத்தின் 1.4-இல்தான் வந்தது. நாங்கள் வைத்திருந்தது 1.10. அப்படியானால் அந்த மெத்தட் இல்லாத கிளாஸ் எங்கிருந்து வந்தது?

ஜாவாவிடமே கேட்கலாம். டாம்கேட்டின் பின் ஃபோல்டரில் செட்என்வ் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து, அதில் கேட்டலினா-ஆப்ட்ஸ் என்ற மாறியோடு வெர்போஸ்-கிளாஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தேன். ஏற்றப்படும் ஒவ்வொரு கிளாஸுக்கும் லாகில் ஒரு வரி விழும். எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று பாதையோடு எழுதும். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும், பயப்பட வேண்டாம், நமக்கு ஒன்றுதான் வேண்டும். கிரெப் போட்டு பேஸ்64 என்று தேடினேன். வந்த வரியின் கடைசியில் 1.3.ஜார் என்று இருந்தது. ஜாவா 9-இலிருந்து இதற்கு எக்ஸ்லாக் என்ற புது விருப்பம் இருக்கிறது, ஆனால் சொல்லும் செய்தி ஒன்றுதான்.

அப்ளிகேஷன் தன் ஜார்களை வைத்திருக்கும் வெப்-இன்ஃப்/லிப் ஃபோல்டரைப் பார்த்தால் 1.10-உம் 1.3-உம் அடுத்தடுத்து இருந்தன. 1.3-ஐ வெளியே நகர்த்தி, ரீஸ்டார்ட் செய்து, பில் போட்டேன். பிரிண்ட் வந்தது. மணி பன்னிரண்டே கால். வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. டெஸ்ட் மெஷினிலும் இதே இரண்டு ஜாரும் இருக்கின்றனவே? இரண்டு மெஷினிலும் போட்டது ஒரே வார் ஃபைல், அதாவது அப்ளிகேஷனை முழுதாகக் கட்டிய பொட்டலம். கோப்பின் கைரேகை மாதிரியான எம்டி5 எடுத்துப் பார்த்தேன், ஒரு எழுத்து மாறவில்லை. அதே ஜாவா, அதே டாம்கேட். அங்கே இரண்டு வாரம் ஓடியது இங்கே ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை.

எல்எஸ் கட்டளை கோப்புகளை அழகாக அடுக்கித்தான் காட்டும். நம்மை ஏமாற்றியது அந்த அழகுதான். அதற்குப் பெரிய எழுத்து 'யு' விருப்பத்தைக் கொடுத்தால் அடுக்காமல், டிஸ்க் எந்த வரிசையில் பெயர்களைக் கொடுக்கிறதோ அப்படியே காட்டும். இரண்டு மெஷினிலும் அதை ஓட்டி, இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். டெஸ்டில் 1.10 மேலே எங்கேயோ, 1.3 கடைசிக்குப் பக்கத்தில். ப்ரொடக்ஷனில் 1.3 நான்காவது பெயர், 1.10 அதற்கு வெகு கீழே. அந்த இரண்டு பட்டியலையும் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காரணம் இதுதான். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பு, ஒரு ஃபோல்டரில் உள்ள பெயர்களை ஹாஷ் வரிசையில், அதாவது பெயரிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணின் வரிசையில், கொடுக்கிறது. அந்த ஹாஷுக்கான விதை ஒவ்வொரு டிஸ்க் ஃபார்மட்டுக்கும் தனித்தனி. ஆக, அதே கோப்புகளை அதே ஃபோல்டர் பெயரில் இரண்டு மெஷினில் வைத்தாலும் வரிசை மாறும். டாம்கேட் 7 இந்த வரிசையைப் பொருட்படுத்தவில்லை. வாங்கிய பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கும். எழுத்து வரிசையில் 1.10 முதலில் வருமே, அதனால் இத்தனை வருஷம் சரியான ஜார்தான் ஏறிக்கொண்டிருந்தது. டாம்கேட் 8 வந்தபோது அந்த அடுக்கும் வேலை போய்விட்டது. கோப்பு அமைப்பு கொடுக்கிற வரிசையே ஏறும் வரிசை ஆனது. அது டாம்கேட்டின் தப்பு என்று சொல்லமாட்டேன். லிப் ஃபோல்டருக்குள் எந்த ஜார் முதலில் என்று, ஜாவா வெப் அப்ளிகேஷன்களுக்கான பொது விதியான சர்வ்லெட் விதிமுறை எந்த உத்தரவாதமும் தரவில்லை. இல்லாத உத்தரவாதத்தின் மேல் நாங்கள் பல வருஷம் பில் போட்டிருக்கிறோம்.

இரண்டு ஜார் எப்படி வந்தன என்பதும் சொல்லவேண்டும், ஏனென்றால் பழைய ப்ராஜெக்ட் வைத்திருக்கும் எல்லோர் வீட்டிலும் இது இருக்கும். ஆரம்பத்தில் எங்கள் கோடு ஆன்ட் என்ற கருவி கொண்டு கட்டப்பட்டது. ஜார்களை இணையத்திலிருந்து எடுத்துக் கையால் லிப் ஃபோல்டரில் போடுவோம். அப்புறம் மேவன் என்ற கருவிக்கு மாறினோம். என்ன வேண்டும் என்று பாம் ஃபைலில் எழுதினால் மேவனே இறக்கித் தரும். ஆனால் பழைய ஃபோல்டரை யாரும் காலி செய்யவில்லை. வார் கட்டும்போது மேவன் தான் இறக்கியதையும் வைக்கும், சோர்ஸ் மரத்துக்குள் நாம் விட்டுவைத்ததையும் அப்படியே சேர்த்துக் கட்டும். ஒரே நூலகம் இரண்டு பதிப்பில் கேட்கப்பட்டால், மரத்தில் நமக்குக் கிட்டத்தில் இருப்பதை எடுத்து மற்றதை விட்டுவிடும் புத்தி மேவனுக்கு உண்டு. ஆனால் கையால் போட்ட ஜார் அதன் கணக்கிலேயே வராது. திங்கட்கிழமை காலையில் அந்த ஃபோல்டரைத் திறந்து எண்ணினேன், இருபத்திரண்டு ஜார்கள். ஒவ்வொன்றாகப் பாமில் எழுதி, ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்று நாள் ஆயிற்று.

அதற்கு அப்புறம்தான் டாம்கேட் கிளாஸ்களைத் தேடும் முறையை நான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். பத்து வருஷம் அதன் மேல் வேலை செய்த பிறகு!

ஜாவாவின் பொது வழக்கம், பெரியவர்களைக் கேட்டுவிட்டுச் செய்வது. கிளாஸ்களைத் தேடி ஏற்றும் ஒரு கிளாஸ்லோடரிடம் ஏதாவது கேட்டால், அது முதலில் தன் அப்பாவிடம் கேட்கும், அவர் தாத்தாவிடம் கேட்பார். அவர்களிடம் இல்லை என்றால்தான் தன் பெட்டியைத் திறக்கும். வெப் அப்ளிகேஷனுக்கு வழி வேறு. அது தன் அடுக்களையில் தேடிவிட்டு, இல்லை என்றால்தான் பெரிய வீட்டுக்குப் போகும். ஜாவாவின் சொந்தக் கிளாஸ்கள் எப்போதும் முதலில், அதில் யாரும் கைவைக்க முடியாது. அடுத்து வெப்-இன்ஃப்/கிளாசஸ். அடுத்து வெப்-இன்ஃப்/லிப்பில் உள்ள ஜார்கள். அதற்கும் பிறகுதான் டாம்கேட்டைக் கிளப்பிய ஜார்கள், கடைசியாக டாம்கேட்டின் பொது லிப். ஆறு அப்ளிகேஷன்கள் ஒரே சர்வரில் ஆறு வெவ்வேறு பதிப்புகளோடு சண்டையில்லாமல் ஓட முடிவது இந்த ஏற்பாட்டால்தான்.

ஒரு விலக்கு உண்டு. சர்வ்லெட், ஜேஎஸ்பி போன்ற டாம்கேட்டின் சொந்த இடைமுகங்களை அப்ளிகேஷன் தன் பெட்டியிலிருந்து எடுக்க விடமாட்டார்கள். பழைய டாம்கேட்டில் சர்வ்லெட்-ஏபிஐ ஜாரை உள்ளே வைத்துக் கட்டினால், அந்த ஜாரை ஏற்றவில்லை, சர்வ்லெட் விதிமுறை 2.3, பிரிவு 9.7.2-ஐப் பார் என்று லாகில் வரும். எங்கள் லாகில் இந்த வரி வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தது. சும்மா எச்சரிக்கைதானே என்று விட்டிருந்தோம். மேவனில் அந்த ஜாருக்கு ப்ரொவைடட் என்று ஒரு சொல் எழுதினால் போதும், கம்பைல் செய்ய இருக்கும், வாருக்குள் போகாது.

கிளாசஸ் ஃபோல்டர் லிப்புக்கு முன்னால் வருகிறது என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. யாரோ ஒருவர், எப்போதோ, ஒரு நூலகத்தின் ஒரே ஒரு கிளாஸைத் திருத்தி, அதே பேக்கேஜ் பெயரில் கிளாசஸுக்குள் போட்டிருப்பார். அவசரத்துக்கு நல்ல வழிதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அதை எங்காவது எழுதிவைக்க வேண்டும். சம்பள அப்ளிகேஷனில் ஒரு ரிப்போர்ட் நூலகத்தைப் புதுப்பித்தோம். புதிதாக வரவேண்டிய எழுத்துரு வரவே இல்லை. ஜாரைத் திரும்பத் திரும்ப மாற்றினோம். கடைசியில் பார்த்தால், கிளாசஸுக்குள் 2011 தேதியிட்ட ஒற்றை .கிளாஸ் கோப்பு உட்கார்ந்திருந்தது.

பொது லிப் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உறுதியான கருத்து உண்டு. டாம்கேட் 5.5-இல் காமன், சர்வர், ஷேர்ட் என்று மூன்று தனி லிப்புகள் இருந்தன. 6-இல் மூன்றையும் ஒன்றாக்கி ஒரே லிப் ஆக்கினார்கள். அது ஒரு கூட்டுக் குடித்தனம் மாதிரி, அங்கே வைக்கிற எந்தப் பொருளும் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஆறு அப்ளிகேஷன்களுக்கும் பொதுவான ஜார்களை அங்கே ஒரே இடத்தில் வைத்தால் இடம் மிச்சம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். இடம் மலிவு.

எங்களுடையதாகவே ஒரு ஜார் இருக்கிறது, தேதி, தொகை, வரி கணக்கிடும் சின்னச் சின்ன கிளாஸ்கள். அதைப் பொது லிப்பில் போட்டிருந்தோம். அப்புறம் ஒரு அப்ளிகேஷனுக்கு மட்டும் புதிய பதிப்பு தேவைப்பட, அதன் வெப்-இன்ஃப்/லிப்பில் இன்னொன்று வைத்தோம். அடுத்த நாள் வந்த பிழை: கிளாஸ்-காஸ்ட். வரித்தொகை என்ற கிளாஸை வரித்தொகை என்ற கிளாஸாக மாற்ற முடியாதாம். முதல்முறை பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். ஜாவாவைப் பொறுத்தவரை ஒரு கிளாஸின் அடையாளம் அதன் பெயர் மட்டும் இல்லை. எந்த லோடர் ஏற்றியதோ அதுவும் சேர்ந்ததுதான் அடையாளம். பொது லிப்பின் லோடர் ஏற்றிய வரித்தொகை ஒன்று, அப்ளிகேஷனின் லோடர் ஏற்றிய வரித்தொகை இன்னொன்று. ஒரே பெயர், இரண்டு குடும்பம். டாம்கேட் உருவாக்கிக் கொடுத்த ஒரு பொருளை எங்கள் அப்ளிகேஷன் தன்னுடையது என்று நினைத்து வாங்கப் பார்த்தது, முடியவில்லை.

பொது லிப்பில் இருக்கவேண்டியது எங்களுக்கு ஒன்றே ஒன்று, டேட்டாபேஸோடு பேச உதவும் டிரைவர் ஜார். டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பை, பெயரைச் சொல்லிப் பொருளைப் பெறும் ஜேஎன்டிஐ வசதி வழியாக டாம்கேட்டே உருவாக்கித் தருகிறது என்றால், டிரைவர் டாம்கேட்டின் கண்ணுக்குத் தெரியவேண்டும். பெரிய வீட்டுக்காரர் நம் அடுக்களைக்குள் எட்டிப்பார்க்க முடியாது, அந்த வழி ஒருபக்கம்தான். டிரைவரை வெப்-இன்ஃப்/லிப்பில் வைப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. அது ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம் முழுவதற்கும் பொதுவான டிரைவர் மேனேஜரில் தன்னைப் பதிந்துகொள்ளும். அப்ளிகேஷனை நிறுத்தினாலும் அந்தப் பிடி விடாது. அப்ளிகேஷனின் லோடரும் அது ஏற்றிய அத்தனை கிளாஸ்களும் நினைவகத்திலேயே தங்கிவிடும். ஜாவா 7 வரை, கிளாஸ்களுக்கான நினைவகப் பகுதியான பெர்ம்ஜென் தீர்ந்துவிட்டது என்று சர்வர் படுத்ததற்கு எங்களிடம் பாதிக் காரணம் இதுதான். 6.0.24-இலிருந்து டாம்கேட் இதைக் கண்டுபிடித்து, தானே பதிவை நீக்கி, லாகில் சொல்லவும் சொல்கிறது.

டிரைவரை வைக்கும் இடம் பற்றி ஒரு சின்னச் செய்தி. டாம்கேட்டில் ஹோம், பேஸ் என்று இரண்டு பாதைகள் உண்டு. ஹோமில் டாம்கேட்டின் சொந்தக் கோப்புகள், பேஸில் நம்முடைய அமைப்புகளும் அப்ளிகேஷன்களும். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு டிரைவரைப் பேஸின் லிப்பில் வைத்தால், டாம்கேட்டைப் புதுப்பிக்கும்போது ஹோமை அப்படியே தூக்கிப்போட்டுப் புதியதை வைக்கலாம். டிரைவர் காணாமல் போகாது.

அந்த டிரைவரால் ஒருமுறை பட்டபாடும் உண்டு. ஜாவா 8 ஓடிய காலம், மதியம் மூன்று மணி, பில் கவுண்டர்களில் கூட்டம். கூட வேலை பார்த்தவர் புதிய டிரைவரைப் பழையதன் மேல் சிபி கட்டளையால் நகல் எடுத்தார். சாயங்காலம் ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்பது அவர் எண்ணம். நிமிடத்தில் ஜேவிஎம் விழுந்தது. எக்ஸெப்ஷன் இல்லை, ஒன்றுமில்லை, எச்எஸ்-எர்ர் என்று ஆரம்பிக்கும் ஒரு கோப்பு, அதற்குள் நினைவகத்தைப் படிப்பதில் வந்த பிழையைச் சொல்லும் சிக்பஸ் என்று ஒரு சொல். ஜார் என்பது ஜிப் கோப்புதான், அதன் பொருளடக்கம் வால் பக்கத்தில் இருக்கும். ஜாவா 8 வரை அந்தப் பொருளடக்கத்தை ஜேவிஎம் நேரடியாக நினைவகத்தில் பொருத்திக்கொண்டு படித்தது. சிபி செய்வது, அதே கோப்பைக் காலி செய்து அதன் மேலேயே எழுதுவது. படித்துக்கொண்டிருக்கும்போதே காலடி மண்ணை உருவியது போல. நகர்த்தும் கட்டளையான எம்வி அப்படியில்லை. ஒரே டிஸ்க்குக்குள் நகர்த்தினால் பெயர் மட்டும் புதிய கோப்புக்கு மாறும், திறந்து வைத்திருப்பவர் கையில் பழைய கோப்பு மூடும்வரை உயிரோடு இருக்கும். ஜாவா 9-இல் அந்தப் பகுதியை மாற்றி எழுதிவிட்டார்கள். ஆனாலும் ஓடுகிற சர்வரின் ஜார் மேல் எழுதுவதை எங்கள் அறையில் யாரும் செய்வதில்லை. நிறுத்து, மாற்று, கிளப்பு.

கிளாஸ்களை எங்கே தேடவேண்டும் என்று ஜாவாவுக்குச் சொல்லும் கிளாஸ்பாத் என்ற சூழல் மாறியைப் பற்றிச் சுருக்கமாக. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் வந்தான்.

"அக்கா, ஜாரைக் கிளாஸ்பாத்ல போட்டுட்டேங்க்கா. டாம்கேட் எடுக்கவே மாட்டேங்குது."

"எங்க கண்ணு போட்டே?"

"ப்ரொஃபைல் ஃபைல்லங்க்கா. எக்கோ பண்ணிப் பார்த்தா வருதே."

எக்கோவில் வரும், டாம்கேட்டில் வராது. டாம்கேட்டைக் கிளப்பும் ஸ்கிரிப்ட் வெளியில் இருந்து வரும் அந்த மாறியை வேண்டுமென்றே காலி செய்துவிட்டுத் தன் இரண்டு மூன்று ஜார்களை மட்டும் வைத்துக்கொள்கிறது. ரொம்பச் சரியான முடிவு என்பேன். யாரோ எதற்கோ வைத்த பாதை சர்வருக்குள் நுழையாது. மிகத் தேவையென்றால் செட்என்வ் ஸ்கிரிப்டில் வைக்கலாம். அவனுக்குத் தேவைப்பட்டது வெப்-இன்ஃப்/லிப் மட்டும்தான்.

இப்போது நாங்கள் செய்வது ஒரே ஒரு வேலை. ஒவ்வொரு டிப்ளாய்மென்டுக்கு முன்னும் பின்னும், சர்வரில் உள்ள எல்லா ஜார்களின் பாதை, அளவு, எம்டி5 ஆகியவற்றை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, இரண்டையும் டிஃப் செய்து பார்க்கிறோம். என்ன மாறியிருக்கிறதோ அதை மாற்றத்தான் நினைத்தோமா என்று ஒருவர் படித்துக் கையெழுத்துப் போடுவார். மேலே சேர்ந்திருக்கும் இன்னொரு சின்ன ஸ்கிரிப்ட், ஒவ்வொரு ஜாரையும் திறந்து உள்ளே உள்ள கிளாஸ் பெயர்களை எடுத்து, ஒரே பெயர் இரண்டு ஜாரில் இருந்தால் சொல்லும். இருபது வரிகூட இராது.

இது 2021 டிசம்பரில் எங்களைக் காப்பாற்றியது. லாக் எழுத உதவும் நூலகமான லாக்4ஜேயின் பாதுகாப்பு ஓட்டை வெளியான அந்த வாரம், உலகத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: நம்மிடம் எங்கெங்கே இருக்கிறது? எங்களிடம் பட்டியல் இருந்தது. எங்கள் ஆறு அப்ளிகேஷன்களும் பழைய 1.2-இல் இருந்தன, அந்தக் குறிப்பிட்ட ஓட்டை அதில் இல்லை. ஆனால் வெளியில் வாங்கிய ஒரு வாருக்குள் லாக்4ஜே-கோர் 2 இருந்தது. அது பட்டியலில் பெயரோடு தெரிந்தது. தெரியாதது இன்னொன்று. ஒரு பெரிய ஜார், அதற்குள் எல்லா நூலகங்களையும் பிரித்துக் கலந்து கட்டியிருந்தார்கள். வெளியே லாக்4ஜே என்ற பெயரே கிடையாது. கோப்புப் பெயரைத் தேடும் ஃபைண்ட் கட்டளைக்கு அது அகப்படாது. ஓட்டைக்குக் காரணமான ஜேஎன்டிஐலுக்அப் என்ற கிளாஸ் எந்த ஜாருக்குள் இருக்கிறது என்று உள்ளே தேடும் ஸ்கிரிப்ட்தான் பிடித்தது. அந்த மாதம் முடிவதற்குள் 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று திருத்திய பதிப்புகள் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டிய இடம் இரண்டே என்று எங்களுக்குத் தெரியும். ராத்திரி தூங்க முடிந்தது.

அடுத்த வேலை டாம்கேட் 10. அதில் ஜாவாக்ஸ் என்று ஆரம்பித்த சர்வ்லெட் பேக்கேஜ்கள் எல்லாம் ஜகார்த்தா என்று பெயர் மாறிவிட்டன. பழைய சர்வ்லெட்-ஏபிஐ ஜாரைப் பொது லிப்பில் போட்டால் வேலை முடிந்துவிடுமே என்று ஒருவர் கேட்டார். முடியாது. கிளாஸ் கிடைக்கும், பிழைச் செய்தி மறையும், ஆனால் டாம்கேட் எதிர்பார்ப்பது ஜகார்த்தா குடும்பத்துச் சர்வ்லெட், நம்முடையது ஜாவாக்ஸ் குடும்பம். மறுபடியும் கிளாஸ்-காஸ்ட். பாம் ஃபைலில் ஒவ்வொரு நூலகத்துக்கும் ஜகார்த்தா பதிப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் போகவேண்டும். பாதி முடித்திருக்கிறோம்.

அந்த வேலையில்தான் போன வாரம் ஜார் பட்டியலை, இரட்டைகளைப் பார்க்கச் சொல்லி, பையனிடம் கொடுத்திருந்தேன். அதில் மெயில்.ஜார் என்று ஒன்றும் ஜாவாக்ஸ்.மெயில்.ஜார் என்று ஒன்றும் இருந்தன. பெயர் வேறு, ஆனால் உள்ளே ஒரே கிளாஸ்கள். மேவனுக்கு அவை இரண்டும் வேறு வேறு நூலகங்கள், அதனால் இரண்டையும் இறக்கியிருக்கிறது. பழையதை அவனே விலக்கிவிட்டான். அப்புறம் காமன்ஸ்-லாங்-2.6.ஜார் பெயரைப் பேனாவால் அடித்து, அதில் விரலை வைத்துக்கொண்டு கூப்பிட்டான்.

"அக்கா, இதுவும் ரெண்டு இருக்குங்க்கா. கீழ லாங்3னு ஒன்னு. பழசை எடுத்துடட்டுங்களா?"

"ஸ்கிரிப்ட் இதைச் சொல்லுச்சா?"

"இல்லீங்க்கா. பேரைப் பார்த்துச் சொன்னேன்."

"சரி, ரெண்டையும் திறந்து பாரு."

உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் ஜார் டிஎஃப் கட்டளையைப் போட்டு இரண்டையும் இரண்டு திரையில் திறந்தான். ஒன்றில் ஒவ்வொரு வரியும் காமன்ஸ்/லாங்/ என்று போனது. இன்னொன்றில் காமன்ஸ்/லாங்3/. ஒரே சர்வரில் பழையதும் புதியதும் மோதாமல் இருக்கட்டும் என்று எழுதியவர்களே பேக்கேஜ் பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். அவன் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, பேனாவால் போட்டிருந்த அடித்தலின் கீழே "இருக்கட்டும்" என்று எழுதினான்.